யோகேஸ்வரி எனக்கு விட்டுவைத்த பாதி

யோகேஸ்வரி இறந்துபோன செய்தி வந்தபோது நான் வலப்பனைப் பக்கம் ஒரு பாடசாலைக் கூரையில் ஏறி, மழைமானிக்குள் அடைத்திருந்த சருகை வழித்துக்கொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த காவலாளி என் தொலைபேசியை எட்டிக் கொடுத்தார். பேசியது யோகேஸ்வரியின் தங்கை சாந்தி. "அண்ணே, அக்கா போயிருச்சு. நீங்க வேலையில இருப்பீங்க, இருந்தாலும் மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சு" என்றாள். நான் உடனே இறங்கவில்லை. மழைமானியைத் துடைத்து, வடிகட்டியை மாட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதியில் விட்டால் யோகேஸ்வரி ஏசுவார் என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை போலும்.

மறுநாள் ஹட்டனுக்கு மேலே அவர் பிறந்த தோட்டத்திலேயே அடக்கம். தப்பு மேளச் சத்தத்துக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நாங்கள் வரிசையாக நடந்தோம். எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நல்ல புள்ளதான். அன்னைக்கு மட்டும் அந்த மிசின ஒழுங்கா பாத்திருந்தா..." பக்கத்தில் வந்தவர் இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்று அவரை அடக்கிவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். புகழ்ந்து எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை, கடைவீதியில் வளர்ந்தவனுக்கு வாய்க்குப் பஞ்சமா? ஆனால் அந்தப் பெண் பாதியில் நிறுத்திய பேச்சை முடிக்காமல் வேறு எதையும் என்னால் எழுத முடியவில்லை. யோகேஸ்வரியை அறிந்தவர்களே, லயத்து ஆட்களே, அலுவலக நண்பர்களே, அன்று அந்த மெசினைக் கெடுத்தவன் நான். இது நான்கு வருடமாக அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

விவரம் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்களுடையது ஹட்டன் டவுனில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனம். தோட்டப் பாடசாலைகளின் கூரைகளில் மழைமானி வைத்திருக்கிறோம். அலுவலகத்தில் இருக்கும் ஒரு லினக்ஸ் கணினி கால் மணிக்கொரு தடவை அந்த அளவுகளை வாங்கி, ஒரு கோப்பில் எழுதிக் கூட்டிக்கொண்டே வரும். மழை ஓர் எல்லையைத் தாண்டினால், மண் சரியக்கூடிய இடங்களில் உள்ள லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, குறுஞ்செய்தி போகும். செய்தி வந்ததும் ஆட்கள் தங்கள் அறையான காம்பராவைப் பூட்டிக்கொண்டு கோயில் மடத்துக்குப் போய்விடுவார்கள். இதை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் கணினி தானாகச் செய்யும். அதை அமைத்தவர் யோகேஸ்வரி. தோட்டத்தில் அவருக்குக் 'கம்ப்யூட்டர் யோகா' என்று பெயர். நான் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகன், அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன். அவரைவிட எனக்கு இரண்டு வயது கூட. வேறு எதுவும் கூட இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்திக்கொண்டும் இருந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு வேலையை நேரம் குறித்து வைத்தேன். கையால் ஓட்டினால் ஓடியது, தானாக ஓடவில்லை. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற ஒரே பதில். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். யோகேஸ்வரி வந்து நின்று, என்ன கோளாறு என்று கேட்கவில்லை. "யாரு பேருல ஓட்டுனீங்க?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கணினிக்குள் ஒவ்வொரு வேலையும் யாரோ ஒருவர் பெயரில்தான் நடக்கிறது, ஒவ்வொரு கோப்பும் யாரோ ஒருவருக்குச் சொந்தம் என்று விளக்கினார். எல்லாக் கதவையும் திறக்கும் அதிகாரம் உள்ள 'ரூட்' என்ற பெயருக்கு நாங்கள் தோட்ட மேலாளரைச் சொல்வது போல் பெரிய துரை என்று பெயர் வைத்தோம். மழைமானி வேலையைச் செய்வதற்கு அவர் உண்டாக்கியிருந்த பெயர் 'மழை'. அதற்குத் தன் வேலைக்கு வேண்டிய கோப்புகளைத் தொட மட்டும்தான் உரிமை.

அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை, ஆனால் மதிக்கவும் இல்லை. "நம்ம ஆளுகளுக்கு ஒரு பழக்கம்ணே. ஒரு வேல நடக்கலைன்னா கணக்கப்புள்ள, கண்டாக்கு எல்லாரையும் தாண்டி நேரா பெரிய துரைகிட்ட போயிருவோம். அவரு ஒரு கையெழுத்து போட்டா அன்னைக்கு நடந்துரும். நாளைக்கு அந்த வேலைய செய்யப் போறது துரையா? மழைதானே?" எங்கள் வீட்டில் கடைக்கு ஒரு அனுமதி வேண்டுமென்றாலும் அப்பா அப்படித்தான், இருப்பதிலேயே பெரிய அதிகாரியின் வாசலில் போய் நிற்பார். அதனால் எனக்கு அதில் என்ன தப்பு என்று அப்போது தெரியவில்லை.

இன்னொரு தடவை அனுமதிப் பிழை வந்தபோது வேறு வழி செய்தேன். இருந்த கோப்பு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று ஒரே கட்டளையில் திறந்துவிட்டேன். வேலை ஜோராக ஓடியது. யோகேஸ்வரி பார்த்துவிட்டு ஒரு பின்னேரம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடினார். "டவுன் மொதலாளி மகன், ஒங்க கடைய இப்புடித் தொறந்து போட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கீழே பேக்கரியில் இருந்து இரண்டு ரோல் வாங்கி வந்து ஒன்றை என் பக்கம் தள்ளினார். அவருடைய கோபம் அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தது தப்பு.

இனி அந்த வாரத்தைச் சொல்ல வேண்டும். யோகேஸ்வரி தன் அம்மாவைக் கண்டி வைத்தியசாலையில் சேர்த்துவிட்டு லீவில் அங்கேயே இருந்தார். திங்கட்கிழமை காலை குறுஞ்செய்தி அனுப்பும் பெட்டி மக்கர் பண்ணியது. பெட்டியைக் கழற்றி மாட்டினேன். மழைக்கூட்டல் எழுதும் கோப்பு பழுதாகியிருக்குமோ என்று சந்தேகம் வந்து அதை அழித்தேன். பிறகு சோதித்துப் பார்க்க, பெரிய துரை அதிகாரத்தில் அந்த வேலையைக் கையால் ஒரு தடவை ஓட்டினேன். என் தொலைபேசிக்குச் சோதனைச் செய்தி டிங் என்று வந்தது. எனக்கு ஒரே பெருமை. யோகேஸ்வரியைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமல் நானே சரி செய்துவிட்டேன் என்று பணிப்பாளரிடமும் சொன்னேன்.

நான் செய்தது இதுதான். அழித்த கோப்புக்குப் பதிலாகப் புதுக் கோப்பு ஒன்று உண்டானது. ஓட்டியது பெரிய துரை என்பதால் அது பெரிய துரைக்குச் சொந்தமானது. கால் மணி கழித்து 'மழை' வழக்கம்போல் வந்து அதில் எழுதப் பார்த்தது. அனுமதி மறுக்கப்பட்டது. முதல் வரியிலேயே வேலை நின்றது. அடுத்த கால் மணிக்கும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் கணினி அந்தப் பிழையைத் தன்னுடைய உள் அஞ்சல் பெட்டியில் கடிதமாகப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெட்டியை எங்களில் யாரும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

புதன்கிழமை மழை பிடித்தது. வியாழக்கிழமை மத்தியானம் தெருவில் எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பெய்தது. நான் ஜன்னல் பக்கம் நின்று தேத்தண்ணி குடித்தேன். இந்நேரம் செய்தி போயிருக்கும் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் யோகேஸ்வரியின் தோட்டத்தில், அவர் வீட்டு லயத்துக்கு மேலே இருந்த லயத்தின் பின்பக்கம் மண் இறங்கியது. பெண்கள் மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு மறுபடி மலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் பாடசாலையில். அதனால் உயிர் போகவில்லை. கடைசிக் காம்பராவில் படுத்திருந்த முத்துச்சாமி அண்ணன் மட்டும் சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்டார். அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு விசாரித்தபோது அந்த லயத்தில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "மெசேஜ் வரல. அதுனால ஒண்ணும் இல்லன்னு இருந்தோம்." நாங்கள் வருவதற்கு முன்னால் அவர்களுக்கு மலையைப் பார்த்தே பயப்படத் தெரியும். வடிகாலான காணில் ஓடும் தண்ணீர் கலங்கினால் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் செய்தியை நம்பத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் சும்மா இருக்கப் பழகினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை யோகேஸ்வரி லயத்திலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். சேலைக் கரையெல்லாம் சேறு. பையைக்கூட இறக்கி வைக்காமல் கணினி முன் உட்கார்ந்து, கோப்புகளின் சொந்தக்காரர் பெயரை வரிசையாகப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் நேரே 'மழை' என்று இருந்தது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பெரிய துரையின் பெயர். பெரிய துரை அதிகாரத்தை யார் எப்போது பயன்படுத்தினாலும் கணினி அதைத் தனியே குறித்து வைக்கும். அந்தக் குறிப்பைத் திறந்தார். திங்கட்கிழமை முற்பகல், என் பெயர், நான் கொடுத்த கட்டளை. திரையை என் பக்கம் திருப்பினார். நான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கோப்பை மறுபடி 'மழை' பெயருக்கு மாற்றினார். அதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அன்று பத்து மணிக்குக் கூட்டம். யார் இதைத் தொட்டது, ஏன் செய்தி போகவில்லை என்று பணிப்பாளர் கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகேஸ்வரிதான் பேசினார். அமைப்பைச் செய்தது தான் என்றும், அது நின்றுபோனால் ஒருவருக்கும் தெரியாதபடி அமைத்துவிட்டது தன்னுடைய தப்பு என்றும் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் ஓர் ஆள் எழுந்து பேசுவதற்கு வேண்டிய அளவு நேரம் பேசாமல் இருந்தார். நான் எழும்பவில்லை. பணிப்பாளர் அதோடு கூட்டத்தை முடித்துவிட்டார்.

மாடிப்படியில் யோகேஸ்வரி என்னை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "என் பாதிய நான் சொல்லிட்டேன். ஒங்க பாதிய நீங்க சொல்லிருங்கண்ணே. அந்த லயத்துல வந்து சொல்லுங்க." நாளைக்கே சொல்கிறேன் என்றேன். அந்த நாளையை நான் நான்கு வருடம் இழுத்தேன். முதல் வாரம் ஆட்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்று சாக்கு. அடுத்த மாதம் எல்லோரும் மறந்துவிட்டார்கள், எதற்குக் கிளற வேண்டும் என்று இன்னொரு சாக்கு. ஜவுளிக்கடைக்காரர் மகன் என்றால் டவுனில் ஒரு மரியாதை உண்டு, அது போய்விடும் என்ற பயம்தான் உண்மை. லயத்துப் பிள்ளை மேல் பழி விழுந்தால் அது அங்கேயே கிடக்கும், டவுனுக்கு வராது என்பதும் எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. இதைவிட அசிங்கமான ஒன்றை நான் என்னைப் பற்றி எழுதியதில்லை.

பழி நன்றாகவே விழுந்தது. அவர் வாழ்ந்தது அந்த ஆட்களுக்கு நடுவில். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள் என்று சாந்தி எனக்குப் பிற்பாடுதான் சொன்னாள். கோயில் கமிட்டியில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. முத்துச்சாமி அண்ணன் வைத்தியசாலையிலிருந்து வந்த அன்று அவரைப் பார்க்கப் போன யோகேஸ்வரியிடம், "ஒன்னைய நம்பித்தானே படுத்திருந்தேன்" என்று சொன்னாராம். இதை யோகேஸ்வரியே ஒருநாள் மேசையில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னார். எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு எனக்கு ரோல் வாங்கித் தந்ததே இல்லை.

வேலையில் மட்டும் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். அதைக் கணினிக்கும் வைத்தார். தினமும் காலை ஆறு மணிக்கு 'மழை' தன் கோப்பைத் திறந்து எழுதிப் பார்த்து, எழுத முடிந்தால் மட்டும் எல்லா லயத்துக்கும் 'மழை வேலைக்கு வந்திருக்கு' என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் லயத்திலிருந்து யாராவது எங்களைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும், அன்று மழை பெய்தால் செய்திக்குக் காத்திராமல் இறங்கிவிட வேண்டும். இதைச் சொல்ல அவர் லயம் லயமாகப் போனார். "செய்தி வந்தா கவனம். செய்தியே இல்லைன்னா இன்னும் கவனம்" என்று சொல்லிக் கொடுத்தார். முகம் கொடுக்காத ஆட்கள் முன்னாலும் நின்று சொன்னார். அதன் பிறகு இரண்டு தடவை பெரட்டுச் செய்தி வராமல் போய், ஆறேகால் மணிக்கே எங்களுக்கு அழைப்பு வந்து, உடனே சரி செய்திருக்கிறோம்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. நுவரெலியா வைத்தியசாலையில் கடைசியாகப் பார்த்தபோது முகம் வீங்கி, கண் சிறுத்திருந்தது. இன்றைக்குப் பெரட்டு வந்ததா என்றுதான் முதலில் கேட்டார். வந்தது என்றேன். பிறகு நானாகவே அந்தப் பேச்சை எடுத்து, நீங்களே அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்ட வாயைத் தைக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நான் சொன்னா கோள் சொன்னதா ஆயிரும். நான் தப்பிக்கப் பாக்குறேன்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் அண்ணே நம்புவாங்க." அடுத்த கிழமை கட்டாயம் சொல்கிறேன் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் அதை நம்பவில்லை, நம்புவது போல் காட்டிக்கொள்ளவும் அன்று அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன், முத்துச்சாமி அண்ணன் இதை வேறொருவர் வாசிக்கக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துக்குப் போனேன். டவுனிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்து வந்து, சேலைத் தலைப்பால் துடைத்து, லயத்து முன்வாசலான இஸ்தோப்பில் போட்டார். நான் உட்கார்ந்தேன். முத்துச்சாமி அண்ணன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பலகையில் இருந்தார். திங்கட்கிழமை நான் செய்ததையும், வெள்ளிக்கிழமை நான் சொல்லாததையும் சொன்னேன்.

முடித்ததும் அவர் கேட்டார். "நீங்கதான்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எப்ப இருந்து?"

மண் சரிந்த மறுநாள் காலையிலிருந்தே என்றேன்.

அவர் மண் சரிந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இப்போது புல் மண்டிவிட்டது. அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். "ஞாயித்துக்கெழம தவறாம வரும். மருந்து இருக்கா, கட்டு மாத்துனீங்களான்னு கேக்கும். இந்த எடத்துலதான் நிக்கும். நாலு வருசத்துல நான் ஒருநாள்கூட அந்தப் புள்ளைய உக்காருன்னு சொல்லல" என்றார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

கருமாதி அன்று சாந்தி தன் அக்காவின் டயரிக்குள் இருந்த ஒரு தாளை என்னிடம் கொடுத்தாள். கணினியின் அந்தக் குறிப்பை யோகேஸ்வரி அச்செடுத்து வைத்திருக்கிறார். கிழமை, நேரம், என் பெயர், என் கட்டளை. அடிக்கோடு இல்லை, ஒரு வார்த்தை எழுதி வைக்கவும் இல்லை. பெரிய துரை அதிகாரம் அவரிடமும் இருந்தது, நினைத்திருந்தால் கணினியில் அதை எனக்காக அழித்திருக்கலாம். ஒருநாள் கோபத்தில் கூட்டத்துக்கு நடுவே எடுத்துக் காட்டியும் இருக்கலாம். அந்த இரண்டையும் செய்யாமல், என் பாதியைச் சொல்வதற்காக நான் வந்து கேட்பேன் என்று நான்கு வருடம் மடித்து வைத்திருந்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான். இந்தப் பக்கத்துக்குக் கீழே அதையும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.